கால் வழுக்கும் நடை, பாரமில்லாத வாளி: மொட் அனிமேஷன் கேள்வி-பதில்

மொட் என்றால் இருக்கும் ஒரு கேமில் நாமே செய்து சேர்க்கும் மாற்றம். அதற்கு அனிமேஷன் செய்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளைச் சேர்த்து வாசித்தேன். எல்லோரும் "ஸ்மூத்தாக வரவேணும்" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அனுப்பிய வீடியோக்களில் பாதிக்கு ஸ்மூத் ஏற்கெனவே கூடிப்போய்விட்டது. உருவம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மிதக்கிறது. மனித உடம்பு ஓரிடத்தில் சட்டென்று நிற்கும், ஓரிடத்தில் இழுபடும், ஓரிடத்தில் தொய்யும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே வாசியுங்கள்.

கே: அண்ணா, சாரம் கட்டின வயதான ஐயா ஒருவரைச் செய்தேன். நின்ற இடத்திலேயே நடக்கும்போது நல்லாயிருக்கு. கேமுக்குள் போட்டால் கால் வழுக்குது. (கொக்குவில்)

ப: தம்பி, இது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் கேம் அந்த உருவத்தை நொடிக்கு 1.5 மீற்றர் நகர்த்துகிறது என்று வைப்போம். அனிமேஷன் நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம். அப்படியானால் ஒரு பிரேமுக்கு உடம்பு 5 சென்ரிமீற்றர் முன்னே போகிறது. நின்ற இடத்தில் நடக்கும் அனிமேஷனில், தரையில் ஊன்றிய கால் அதே 5 சென்ரிமீற்றர் பின்னே வரவேண்டும். ஊன்றியிருக்கும் ஒவ்வொரு பிரேமிலும் அதே 5. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

நீங்கள் விட்ட இடம் இதுதான். நாம் அனிமேஷன் செய்யும் பிளெண்டர் மென்பொருள், நாம் நிலையைக் குறித்துவைக்கும் இரண்டு பிரேமுக்கு (கீபிரேம், சுருக்கமாகக் கீ) இடையில் தானாகவே வளைவு போடும். மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகமாகி, மெதுவாக முடியும். ஊன்றிய காலுக்கு அது பொருந்தாது. அசைவைக் கோடாகக் காட்டும் கிராப் எடிட்டரைத் திறந்து, பாதத்தின் முன்-பின் அசைவை மட்டும், ஊன்றியிருக்கும் பகுதியில் மட்டும், நேர்கோடாக்குங்கள். இடுப்பின் மேல்-கீழ் அசைவு வளைவாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. சாரம் கட்டினவர் எட்டி நடக்க மாட்டார். இரண்டு அடிக்கு 30 பிரேம் கொடுத்தால் ஓரடி 75 சென்ரிமீற்றர் ஆகிவிடும், சாரம் கிழிந்துவிடும். 24 பிரேமாகக் குறையுங்கள், ஓரடி 60 ஆகும். வயதானவரின் நடையும் தானாக வந்துவிடும்.

கே: எல்லா பிரேமுக்கும் கீ போட்டேன், இன்னும் நடுங்குது. இன்னும் கூட்டவா? (மானிப்பாய்)

ப: வேண்டாம், அழியுங்கள். ஒரு நடைக்கு நான்கு நிலை போதும்: குதிக்கால் தரையைத் தொடுவது, உடம்பு அமர்வது, ஒரு கால் மற்றதைக் கடப்பது, உடம்பு எழுவது. மற்றக் காலுக்கும் இதே நான்கு. மொத்தம் எட்டுக் கீ. அவை சரியாக வந்த பிறகு கிராப் எடிட்டரில் அசைவின் கோட்டைப் பாருங்கள். கோட்டில் ஒரு கூரான மடிப்பு எங்கே இருக்கிறதோ, அங்கேதான் திரையிலும் ஒரு வெட்டு இருக்கும்.

கே: கிராமத்து மொட் ஒன்றுக்காக, கப்பிக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் அம்மா ஒருவரைச் செய்கிறேன். அசைவு ஸ்மூத்தாக இருக்கு. ஆனால் வாளிக்குள் தண்ணீர் இருப்பதாகத் தெரியவில்லை. (சாவகச்சேரி)

ப: தங்கச்சி, இந்தக் கேள்விக்காகவே நான் இரண்டு பின்னேரம் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் போனை நிறுத்தி, அம்மா தண்ணீர் அள்ளுவதைப் பக்கவாட்டில் எடுத்து, ஒவ்வொரு பிரேமாகப் பார்த்தேன்.

வாளி நிரம்பித் தண்ணீருக்குள் கிடக்கும்வரை கையில் பாரம் இல்லை, தண்ணீரே அதைத் தாங்குகிறது. நீர்மட்டத்தை விட்டு வாளி வெளியே வரும்போதுதான் பத்து லீற்றரின் பத்துக் கிலோவும் கயிற்றில் விழுகிறது. உங்கள் அனிமேஷனில் அந்த நேரம் இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே பாரம், ஒரே வேகம். அதனால்தான் வெறும் வாளியாகத் தெரிகிறது.

அந்த நேரத்தில் நடப்பது இது. கயிறு விறைக்கிறது. முதலில் கை இழுபடுகிறது. ஓரிரண்டு பிரேம் கழித்துத் தோள், அதற்கும் பிறகு இடுப்பு பின்னே போய் முழங்கால் கொஞ்சம் மடிகிறது. எல்லாம் ஒரே பிரேமில் அசைந்தால் பொம்மை. ஒன்றன் பின் ஒன்றாக அசைந்தால் உடம்பு. அதன் பிறகு இழுக்கும்போது வரிசை மாறும்: இடுப்புத் தொடங்கும், தோள் தொடரும், கை கடைசி.

இன்னொன்றையும் கவனித்தேன். கை மாற்றும் நேரத்தில் வாளி ஏறுவதில்லை. சில தடவை ஒரு விரற்கடை இறங்கவும் செய்கிறது. ஒரு இழுப்புக்கு 14 பிரேம், கை மாற்ற 5 பிரேம் என்று தொடங்கிப் பாருங்கள். மூன்றாவது நாலாவது இழுப்பில் 14ஐ 16 ஆக்குங்கள், களைப்புத் தெரியும். கட்டுக்கு மேலே வாளி வந்ததும் ஒரு கை கயிற்றை விட்டுப் பிடியைப் பற்றும், உடம்பு எதிர்ப்பக்கம் சரியும். வாளியை வைத்துவிட்டால் உடம்பு நிமிரவேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூட நிமிர்ந்து, பிறகு அடங்கும். கண்ணையும் மறக்காதீர்கள்: வாளி தெரியும்வரை பார்வை கிணற்றுக்குள், பிறகு வைக்கப்போகும் இடத்தில்.

வீடியோ எடுக்காமல் நினைவிலிருந்து செய்யாதீர்கள், கண் ஏமாற்றும். பாய்ந்தோடும் குதிரையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுமா என்ற வாக்குவாதம், 1878இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் கலிபோர்னியாவில் வரிசையாகக் கமராக்களை வைத்து எடுத்த படங்களோடுதான் தீர்ந்தது. எழுகிறது. ஆனால் ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கடியில் மடங்கிக் கூடும்போது.

கே: கை ஓரிடத்தில் திடீரென ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு வருது. (சுன்னாகம்)

ப: குவாட்டர்னியன் சுழற்சியில், அதாவது திருப்பத்தை நான்கு எண்ணால் எழுதும் முறையில், நடப்பது. டபிள்யூ, எக்ஸ், வை, இசட் என்ற நான்கு எண்ணின் குறிகளையும் எதிராக மாற்றினாலும் கை அதே நிலையில்தான் நிற்கும். ஆனால் ஒரு கீயில் பிளஸ், அடுத்ததில் மைனஸ் என்று வந்துவிட்டால், இடையில் நீண்ட வழியால் சுற்றிக்கொண்டு போகும். குழம்பிய கீயில் நான்கின் குறியையும் மாற்றுங்கள், தீர்ந்துவிடும். திருப்பத்தை மூன்று கோணத்தால் எழுதும் ஒய்லர் சுழற்சி என்றால் கிராப் எடிட்டரில் அதற்கென்றே ஒய்லர் பில்டர் இருக்கிறது.

கே: பிளெண்டரில் சரியான வேகம், ஸ்கைரிம் கேமில் அவசரமாக ஓடுது. (நெல்லியடி)

ப: பிளெண்டரைத் திறந்தால் நொடிக்கு 24 பிரேம். ஸ்கைரிம் அனிமேஷன்கள் 30. 24 பிரேமில் செய்ததை 30இல் ஓட்டினால் ஒரு நொடி அசைவு 0.8 நொடியில் முடியும். முதல் கீ போடுவதற்கு முன்பே 30க்கு மாற்றுங்கள். போன் வீடியோவும் 30 என்றால் இரண்டும் பொருந்தும்.

கே: காவடி ஆட்டத்தை மோஷன் கப்சரில் (ஆடுபவரின் அசைவை அப்படியே பதியும் முறை) எடுத்தேன். நடுக்கம் நிறைய. ஸ்மூத் பண்ணினால் ஆட்டமே செத்துப்போகுது. (இணுவில்)

ப: இணுவிலில் இருந்துகொண்டு காவடி செய்யாமல் வேறென்ன செய்வது! மிகவும் சந்தோஷம். ஸ்மூத் என்பது பக்கத்துப் பிரேம்களோடு சேர்த்துச் சராசரி எடுக்கும் வேலை. சராசரி எடுத்தால் உச்சங்கள் தேயும். காவடியில் உச்சம்தான் ஆட்டம்: தவில் அடி விழும் அதே நேரம் பாதமும் விழவேண்டும். அதனால் முதுகு, கழுத்து, தோள்பட்டைக்கு மட்டும் ஸ்மூத் கொடுங்கள். பாதங்களைத் தொடாதீர்கள். ஊன்றும் பிரேம்களைக் கையாலேயே பூட்டுங்கள்.

காவடியைத் தோளோடு ஒட்டிவிட்டீர்கள் என்று வீடியோவில் தெரிகிறது. அதற்குத் தனி எலும்பு (உருவத்தை உள்ளிருந்து அசைக்கும் சட்டத்தின் ஒரு துண்டு) கொடுங்கள். உடம்பு திரும்பி இரண்டு மூன்று பிரேம் கழித்துக் காவடியின் வளைவு திரும்பட்டும், மயிலிறகு அதற்கும் இரண்டு மூன்று பிரேம் கழித்து. ஆடுபவர் நின்ற பிறகும் இறகு நிற்காமல் ஒருதரம் முன்னே போய் வரவேண்டும். நல்லூர்த் திருவிழாவில் வெயிலில் நின்று பார்த்திருப்பீர்கள், அந்த இறகு அடங்கும் நேரம் உங்களுக்குத் தெரியும்.

கே: மணிக்கட்டைத் திருப்பினால் முன்னங்கை பிழிந்த துணி மாதிரி முறுகுது. (அரியாலை)

ப: நம் கையில் மணிக்கட்டு மட்டும் திரும்புவதில்லை, முன்னங்கையின் இரண்டு எலும்பில் ஒன்று மற்றதன் மேல் புரள்கிறது. கேமின் ரிக்கில் (உருவத்தின் எலும்புச் சட்டம்) முறுக்கு எலும்பு இருந்தால் திருப்பத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் மணிக்கட்டின் வெயிற்றை (தோல் அந்த எலும்போடு எவ்வளவு அசையும் என்ற அளவு) முழங்கை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பூசுங்கள். பல கேம்களில் தோலின் ஒரு புள்ளிக்கு நான்கு எலும்புக்கு மேல் எடுபடாது. எலும்பின் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள், கேம் பெயரை வைத்துத்தான் தேடும்.

கே: என் பழைய லப்டொப்பில் அனிமேஷன் விக்கி விக்கி ஓடுது. வேகம் சரியா பிழையா என்றே தெரியல. (உரும்பிராய்)

ப: டைம்லைனில் பிளேபக் மெனுவில் பிரேம் டிராப்பிங் என்று மாற்றுங்கள். சில பிரேம்கள் காணாமல் போகும், ஆனால் ஒரு நொடி ஒரு நொடியாகவே ஓடும். ஆடையையும் முடியையும் மறைத்துவிட்டு ஓட்டினால் இன்னும் நல்லது. கடைசியாக வியூபோர்ட்டில் (பிளெண்டரில் உருவம் தெரியும் பகுதி) இருந்தே சின்ன வீடியோவாக எடுத்துப் போனில் போட்டுப் பாருங்கள்; எந்தக் கணினியில் செய்தாலும் அங்கே உண்மையான வேகம் தெரியும்.