கைக்குழந்தையோடு அதிகாலை ஜெபம்

சகோதரி, ஐந்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு நாலு மணி ஜெபத்துக்கு எழ முடியவில்லை, மாமியாரும் குத்திக்காட்டுகிறார், விசுவாசத்தில் பின்வாங்கிப்போனேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். ராத்திரி மூன்று தடவை எழுந்து பால் கொடுக்கிறவருக்குத் தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று படுத்துக்கிடக்கிறார். தேவதூதன் வந்து அவரை ஜெபிக்கச் சொல்லவில்லை, எழுந்து சாப்பிடச் சொல்கிறான். தழலில் சுட்ட அடை, பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார், அதற்கும் திட்டு கிடையாது. இரண்டாம் முறையும் சாப்பாடுதான். ஓரேப் மலையும், அங்கே தேவன் பேசிய மெல்லிய சத்தமும் அப்புறம்தான் வருகின்றன.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது சங்கீதம் 121-ஐ ஒரு தாளில் எழுதித் தொட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். எட்டே வசனம். பால் கொடுக்க எழும்போது ஒரு வசனம், அதுவே அன்றைய தியானம். காக்கிறவர் உறங்குவதில்லை என்ற நாலாம் வசனத்தை ராத்திரி இரண்டு மணிக்குப் படித்தால் சிரிப்பே வந்துவிடும்.

மாமியாரிடம் காலையில் ஒரு அரைமணி நேரம் குழந்தையைக் கொடுத்துப் பாருங்கள். ஜெபிக்கத் தோன்றினால் ஜெபியுங்கள், கண் சொருகினால் தூங்குங்கள்.