எங்கள் வீட்டில் தீபாவளி அக்டோபர் 31

"பணியின்போது உயிரிழந்த காவலர் என்று செய்தியில் பெயரும் பதவியும் மட்டும்தான் வருகிறது. வீட்டில் அவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருந்திருப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் அப்பா அப்படிச் செய்தியில் வந்தவர். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏட்டாக இருந்தார். 2017 ஆகஸ்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு வாகனச் சோதனைக்கு நின்றிருந்தபோது வண்டி மோதி இறந்தார். பேப்பரில் ஆறு வரி வந்தது. பெயரையும் ஸ்டேஷனையும் இங்கே எழுதவில்லை. அம்மாவுக்குப் பிடிக்காது.

அப்பா சாயல்குடிப் பக்கம் பனையேறிக் குடும்பம். பத்து வயதிலேயே தாத்தாவோடு மரம் ஏறியவர். 1992-ல் போலீஸ் தேர்வுக்குப் போனபோது கயிறு ஏறச் சொன்னார்களாம். "பனைக்கு அது பாதி உசரங்கூட இல்ல" என்பார். அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே போலீஸ் கதை அதுதான். துப்பாக்கி, திருடன் என்று ஒரு கதையும் அவரிடமிருந்து நாங்கள் கேட்டதில்லை. மார்பிலும் முன்கையிலும் மரம் உரசிய காய்ப்பு கடைசிவரை இருந்தது. அதன்மேல்தான் காக்கிச் சட்டை.

அப்போதெல்லாம் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தால் பத்து வருடத்தில் முதல் நிலை, பதினைந்தில் ஏட்டு, இருபத்தைந்தில் எஸ்.எஸ்.ஐ, அதாவது சிறப்பு உதவி ஆய்வாளர். அம்மா இந்தக் கணக்கை விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருப்பாள். அப்பா இறந்தபோது எஸ்.எஸ்.ஐ ஆக ஐந்து மாதம் பாக்கி.

வீட்டில் எப்படி இருப்பார் என்றால், பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நைட் டூட்டி முடிந்து காலையில் வருவார். வாசல் படியிலேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவார். பாதம் இரண்டும் ஊறிப்போய் வெளுத்திருக்கும். குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்தால் மத்தியானம் வரை அந்த அறைப் பக்கம் யாரும் போகக்கூடாது. போலீஸ் லைனில் வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் சத்தமில்லாமல் விளையாடத் தெரியும். நானும் தம்பியும் சண்டை போடுவதைக்கூடக் கிசுகிசுத்துத்தான் போடுவோம்.

எழுந்ததும் பெல்ட் பக்கிளைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். பித்தளை ஒரே நாளில் பச்சை பிடிக்கும். தினமும் பிராஸோ போட்டுத் தேய்ப்பார். அந்த வாசனை வந்தால் இன்னும் ஒரு மணி நேரத்தில் அப்பா கிளம்பிவிடுவார் என்று அர்த்தம். இன்றைக்கும் எங்கேயாவது பிராஸோ வாசனை வந்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

திருவிழா என்றால் அப்பா இருக்கமாட்டார். ராமநாதபுரத்தில் போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலண்டரே வேறு. தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் கூட்டம். செப்டம்பர் 11 வந்தால் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் பரமக்குடி. மார்கழித் திருவாதிரைக்கு உத்திரகோசமங்கை. ஏர்வாடியில் சந்தனக்கூடு. அக்டோபர் 28 முதல் 30 வரை தேவர் குருபூஜைக்குப் பசும்பொன். தீபாவளியும் சில வருடங்களில் அந்த அக்டோபர் கடைசியைச் சுற்றித்தான் வரும். 2008-ல் 27-ம் தேதி, 2011-ல் 26, 2016-ல் 29. விடிகாலையில் தெருவெல்லாம் வெடிச்சத்தம் கேட்கும்போது அப்பா ஏதோ ஒரு சோதனைச்சாவடியில் நிற்பார்.

அதனால் எங்கள் வீட்டில் தீபாவளி அக்டோபர் 31. அப்பா வைத்த வழக்கம். பசும்பொன் பந்தோபஸ்து முடிந்து அன்று காலை வருவார். புதுச்சட்டையை அம்மா அன்றுதான் எடுத்துக் கொடுப்பாள். நாங்களும் பாதி வெடியை மிச்சம் வைத்திருப்போம். தீபாவளி நவம்பரில் வந்த வருடங்களில்கூட 31-ம் தேதி ஒரு முன்னோட்டம் மாதிரி நடக்கும். காரணம், அன்றைக்கு அப்பா சமைப்பார்.

அவருக்குச் சமைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சொதி. எங்கள் பக்கத்து மீன்குழம்பு இல்லை, இலங்கைச் சொதி. தொண்ணூறுகளில் மண்டபம் அகதிகள் முகாமில் கொஞ்ச காலம் டூட்டி பார்த்திருக்கிறார். தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் மணல் திட்டுகளில் படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போன குடும்பங்களை அங்கேதான் கொண்டுவந்து சேர்ப்பார்கள். முகாமில் மன்னாரிலிருந்து வந்த ஒரு ஆச்சி இருந்திருக்கிறார். காவலுக்கு நிற்கும் இருபத்து மூன்று வயதுப் பையனைப் பார்த்து, "தம்பி, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்பாராம். "கையில லத்தியோட நிக்கிறவன அப்படிக் கேட்டது அந்த ஆச்சி ஒருத்திதான்" என்று அப்பா சொல்வார். ஆச்சியிடம் கற்றுக்கொண்டதுதான் சொதி.

சமைக்கும்போது எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார். விளமீனை அவரே வாங்கி வருவார், அவரே தேங்காய் துருவுவார், அவரே பால் பிழிவார். அம்மாவுக்கும் உள்ளே இடமில்லை, இடியாப்பம் மட்டும் அவளுடைய பொறுப்பு. கதவுக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்திருப்போம். உள்ளே ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே செய்வார். வருடம் முழுக்கக் கூட்டத்தில் நிற்கிற மனிதருக்கு அந்த ஒரு மணி நேரத் தனிமை எவ்வளவு வேண்டியிருந்திருக்கும் என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அவர் வேலையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவர் உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான். கடற்கரை ஸ்டேஷன் ஒன்றில் இருந்தபோது, சில நாள் வந்ததும் வீட்டுக்குள் வரமாட்டார். பின்பக்கக் குழாயடிக்கு நேராகப் போய் உடுப்போடு தண்ணீரை ஊற்றிக்கொள்வார். அன்றைக்குக் கரையில் பிணம் ஒதுங்கியிருக்கிறது என்று அம்மா புரிந்துகொள்வாள். கடலில் விழுந்த மீனவராக இருக்கும், சில நேரம் யாரென்றே தெரியாது. ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வி.ஏ.ஓ வந்து, விசாரணை முடிந்து, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பும்வரை நாய் அண்டாமல் பக்கத்தில் நிற்க வேண்டியவர் காவலர். யாரும் தேடி வராத பிணத்தை அடக்கம் பண்ணுவதும் அவர்கள் வேலைதான். அப்படிப்பட்ட ராத்திரிகளில் தம்பியைத் தூக்கமாட்டார். தம்பி அப்போது கைக்குழந்தை.

அவர் தப்பே செய்யாத மனிதர் என்று எழுதமாட்டேன். காசு கொடுக்காமல் மீன் வந்த நாட்கள் உண்டு. "ஏட்டையாவுக்கு" என்று பையை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அம்மா அதற்காகச் சண்டை போட்டிருக்கிறாள். ஒரு தடவை நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டில் அப்பா ஒரு பையனை அறைந்ததைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அப்பா என்னைப் பார்க்கவில்லை. மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல், அப்பாதான் எனக்குச் சடை பின்னினார். அவர் நன்றாகவே பின்னுவார், பனைநார் பின்னிய விரல். அந்தக் கை என் தலையில் இருக்கும்போது கேட்டேன்: "அந்தப் பையன ஏம்ப்பா அடிச்சீங்க?" கை நின்றது. பிறகு பின்னி முடித்து ரிப்பனைக் கட்டிவிட்டு எழுந்து போனார். அதற்கு அவர் பதில் சொல்லவே இல்லை. செத்துப் போனவர் என்பதற்காக அந்தப் பையனை என் ஞாபகத்திலிருந்து அழித்துவிட எனக்கு மனமில்லை. நான் நேசித்தது இந்த முழு மனிதரைத்தான்.

டூட்டியில் இருக்கும் நாட்களில் ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும். "ஏத்தா, சாப்டாச்சா? கதவப் பூட்டியாச்சா?" இந்த இரண்டு கேள்விதான். நாம் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் "சரி சரி, வைய்யி" என்று வைத்துவிடுவார்.

2017 ஜூலை 23 ஆடி அமாவாசை. அதற்கு ராமேஸ்வரத்தில் பந்தோபஸ்து. அது முடிந்த கையோடு 27-ம் தேதி பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தைத் திறந்துவைக்கப் பிரதமர் வந்தார். வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் போலீஸை இறக்கியிருந்தார்கள். அப்பா பத்து நாள் கல்யாண மண்டபத் தரையில் படுத்து எழுந்தார். திரும்பி வந்து ஒரு பகல் தூங்கினார். அடுத்த வாரமே நைட் செக்கிங்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் டார்ச்சோடு நின்று ஒரு வேனை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நிற்கவில்லை. ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எங்கள் கடற்கரையில் கடல் அட்டை கடத்தல் உண்டு. 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் அதைப் பிடிக்கவே தடை. அதனால் வேனில் கடல் அட்டை இருந்தது என்றார்கள். கஞ்சா என்றார்கள், மணல் என்றார்கள். கடத்தல்காரனை எதிர்த்து நின்று செத்தார் என்று சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. வேனில் ஒன்றும் இல்லை. வெறும் வண்டி. ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை, பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை அழுத்தியிருக்கிறான். பத்தொன்பது வயது. எனக்கும் அப்போது அதே வயது. வழக்கு நடந்தது, அம்மா போய் வந்தாள். அதைப் பற்றி வேறெதுவும் எழுத மனம் வரவில்லை.

போஸ்டரில் 'வீரமரணம்' என்று அடித்திருந்தார்கள். குண்டு முழங்க அடக்கம் செய்தார்கள். அந்த மரியாதையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் அப்பத்தா இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறார். ஆனால் அப்பாவின் துணிச்சல் அந்த ஒரு நொடியில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருபத்தைந்து வருடம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நின்றாரே, அது பெரிது. தூக்கம் இல்லாத மனிதரை இருட்டு ரோட்டில் நிறுத்தாமல் இருந்திருந்தால் இரண்டு அடி பின்னால் குதித்திருப்பாரோ என்று யோசிக்காத நாள் இல்லை. காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று தமிழக அரசு ஆணை போட்டது 2021-ல். பெரிய பந்தோபஸ்து வந்தால் அதுவும் தள்ளிப்போகிறது என்கிறான் தம்பி. தயவுசெய்து அந்த ஒரு நாளையாவது அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

அவர் பையில் இருந்த சின்ன நோட்டை எங்களிடம் கொடுத்தார்கள். எங்களுக்கென்று ஒரு வரியாவது இருக்கும் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். வண்டி எண்களும் நேரமும்தான். கடைசிப் பக்கத்தில் கூட்டுறவுச் சங்கக் கடன் தவணைக் கணக்கு.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை எங்களைப் போன்ற குடும்பத்தவர்கள் யாரும் வெளியே சொல்லிக் கேட்டதில்லை. அவர் போனது எங்களுக்கு உடனே உறைக்கவில்லை. அவர் இல்லாத வீடு எங்களுக்குப் பழக்கம். அவர் இல்லாமல் சாப்பிடுவதும் கதவைப் பூட்டுவதும் பழக்கம். காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு வீடு அப்படியே பழைய மாதிரிதான் இருந்தது. பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார் என்று உடம்பு தன்பாட்டுக்கு நம்பிக்கொண்டது. பத்து மணிக்குப் போனைப் பார்ப்பேன். தம்பி அவனறியாமல் சத்தத்தைக் குறைத்து டிவி பார்ப்பான். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி வந்தபோதும், சாமானைக் கட்டும்போதும்கூட அம்மா அழவில்லை.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 18. துக்க வீடு என்பதால் எதுவும் இல்லை. மூன்று நாள் கழித்து 21-ம் தேதி காவலர் வீரவணக்க நாள். 1959-ல் லடாக்கில் சீனப் படையிடம் பத்து மத்திய ரிசர்வ் போலீஸ்காரர்கள் இறந்த நாள் அது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயுதப்படை மைதானத்தில் நினைவுத் தூண் முன்னால் அந்த வருடம் நாடு முழுக்க இறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நூற்றுக்கணக்கான பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். மைதானத்தின் மறுபக்கம் பசும்பொன் பந்தோபஸ்துக்கான தடுப்புக் கம்பிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா பெயரை வாசித்தபோது அம்மா அந்த லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்கு 2021-ல் வாரிசு வேலை கிடைத்தது. ஒரு ஸ்டேஷனில் வரவேற்பாளராக இருக்கிறான். புகாரோடு வருகிறவர்களிடம் அவன் முதலில் கேட்பது, "சாப்பிட்டீங்களா?" என்றுதான். அவனுக்கு ஆச்சி கதை ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

அந்த 2017 அக்டோபர் 31-ம் தேதிக் காலை நான் கண்விழித்தபோது சமையலறையில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. வாடகை வீடு, சின்ன சமையலறை. அம்மா தரையில் உட்கார்ந்து துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சட்டியில் விளமீன், கழுவி மஞ்சள் போட்டு வைத்திருந்தது. அவளுக்கும் அந்த நாள் பழகிப்போயிருந்தது. நானும் தம்பியும் வாசலிலேயே நின்றோம். உள்ளே வரலாமா என்று தெரியவில்லை, வழக்கத்தில் அன்றைக்கு உள்ளே போகக்கூடாதே. வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம் போட்டு இரண்டாம் பாலைக் கொதிக்கவிட்டாள். மீன் வெந்தது. முதல் பால் கிண்ணத்தில் தனியாக இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இத எப்ப ஊத்துவாரு? அடுப்ப அமத்திட்டா, அமத்தாமலா?"

எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.