எனக்குப் பிடித்த கால்பந்து அணியை என் மகனுக்கும் பிடிக்க வைப்பது எப்படி?

மகனுக்கு எட்டு வயது, பிறந்தநாளுக்கு உங்கள் அணியின் ஜெர்சியை வாங்கிக் கொடுத்தீர்கள், அவன் ஒரு நாள் போட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அணி என்று சொல்லவில்லை. ஏதோ ஐரோப்பிய கிளப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் சாம்பியன்ஸ் லீக் மேட்ச் நமக்குப் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் தொடங்கும். நீங்கள் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு தனியாகப் பார்ப்பீர்கள். பையன் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பான். காலையில் பல் தேய்க்கும்போது "நம்ம டீம் ஜெயிச்சிருச்சுடா" என்பீர்கள். அவன் பார்க்காத மேட்ச், அவன் போகாத ஊர். அது அவனுக்கு எப்படி 'நம்ம டீம்' ஆகும்?

கோபப்படாதீர்கள். நானும் இதே தவறைச் செய்தவன்தான்.

எனக்கு ஊர் கோயமுத்தூர். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் முன்பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்து, போத்தனூர் ரயில்வே மைதானத்துக்குக் கூட்டிப் போவார். எந்த அணி ஜெயிக்க வேண்டும் என்று அவர் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. யார் விளையாடுகிறார்கள் என்பதுகூடப் பாதி நாள் எனக்குத் தெரியாது. ஆனால் கால்பந்து எனக்குள் வந்தது அந்த சைக்கிள் பாரில்தான். இது எனக்குப் புரிய என் மகனுக்கு ஏழு வயது ஆக வேண்டியிருந்தது. அதுவரை நானும் லேப்டாப்பில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணியுடைய மேட்சின் கோல்களைக் காட்டி "பார்த்தியா, பார்த்தியா" என்று அவனைப் படுத்திக்கொண்டிருந்தேன்.

2017-18 சீசனில் சென்னை சிட்டி அணி எங்கள் ஊர் நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் என்ற இந்திய கிளப் கால்பந்துப் போட்டியின் மேட்சுகளை விளையாடியது. மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பெயரில் சென்னை இருக்கும் அணிக்காகக் கோயமுத்தூர்க்காரன் ஏன் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்று அப்போதே சிலர் கேட்டார்கள். கமெண்டிலும் யாராவது கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலிருந்து பைக்கில் இருபது நிமிடத்தில் போய் உட்கார்ந்து பார்க்கக்கூடிய அணி எதுவோ அதுதான் என் அணி. 'சென்னையின் எஃப்சி' என்ற இன்னொரு கிளப், ஐஎஸ்எல் என்ற இன்னொரு இந்திய லீக்கின் கோப்பையை இரண்டு முறை வென்றது எனக்கும் பெருமைதான். அதற்காக இதை விட்டுக்கொடுக்க முடியாது. மகளை ஏன் கூட்டிப் போகவில்லை என்றும் கேட்பீர்கள். அவளுக்கு அப்போது இரண்டு வயது.

முதல் சில மேட்சுகளில் பையன் விளையாட்டைப் பார்க்கவே இல்லை. அந்த ஸ்டேடியத்தில் மைதானத்தைச் சுற்றி ஓடுதளம் இருப்பதால் ஆட்டக்காரர்கள் தூரத்தில்தான் தெரிவார்கள். அவன் கடலைப் பொட்டலத்தைக் காலி செய்துவிட்டு, அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் அணியும் பட்டியலில் கீழேதான் கிடந்தது.

அடுத்த சீசனில் எல்லாம் மாறியது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து சில ஆட்டக்காரர்கள் வந்தார்கள். பெட்ரோ மன்ஸி முதல் மேட்சிலேயே இந்தியன் ஆரோஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். 4-1. வீட்டுக்கு வரும் வழியில் பைக்கில் பின்னாலிருந்து பையன் கேட்டான்: "அப்பா, நம்ம அடுத்த மேட்ச் எப்போ?" 'நம்ம' என்ற சொல்லை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கடைசி மேட்ச், எதிரே முந்தைய வருட சாம்பியன் மினர்வா பஞ்சாப். நாங்கள் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். அவர்கள் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு விளையாடினார்கள். நாங்கள் ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. டிரா செய்து அவர்கள் ஜெயித்தால் போச்சு.

உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை 0-1. பையன் அன்றைக்குக் கடலையைத் தொடவே இல்லை, பொட்டலம் அவன் கையிலேயே நசுங்கிக் கிடந்தது. இரண்டாவது பாதியில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மன்ஸி பந்தை வைக்கப் போனார். பையன் சட்டென்று என் பக்கம் திரும்பி என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"நான் பார்க்கலை. நீங்க பார்த்துச் சொல்லுங்கப்பா."

அவன் காது சூடாக இருந்தது என் கைக்குத் தெரிந்தது. கோல் விழுந்ததும் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, ஸ்டேடியமே சொன்னது.

அப்புறம் கௌரவ் போரா இரண்டாவது கோலை அடித்தார். 2-1. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர், யாரென்று தெரியாது, போனில் கோழிக்கோட்டு ஸ்கோரைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் கோகுலம் முன்னால் இருக்கிறது என்றார். அப்புறம் சமன் என்றார். கடைசியில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்றார். அதற்கு மேல் அவர் போனைப் பார்க்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இன்னும் சில நிமிடங்கள்தான். மினர்வா ஒரே ஒரு கோல் அடித்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். காயத்துக்கான கூடுதல் நேரத்தில் போராவே இன்னொன்று அடித்தார். 3-1. ஐ-லீக் பட்டம் வென்ற முதல் தமிழ்நாட்டு அணி. அந்தப் பெரியவர் என் மகனைத் தூக்கித் தலைக்கு மேல் ஆட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். பையன் வகுப்பில் எல்லோரிடமும் மேட்சைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தானாம். "முழுப் பரீட்சை நேரத்துல கால்பந்து பார்க்கக் கூட்டிட்டுப் போனீங்களா சார்?" என்று ஆசிரியை கேட்டார். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு அப்படி என்ன பரீட்சை? அந்தப் பள்ளியில் விளையாட்டுப் பீரியடில் கணக்கு நடத்துவார்கள். விளையாட்டு மைதானம் என்று ஒன்று இருந்தது, அதில் பாதியில் ஸ்கூல் பஸ்களை நிறுத்தியிருப்பார்கள். மீதியில் டீசல் எண்ணெய் சிந்திக் கிடக்கும். விளையாட்டுக் கட்டணம் மட்டும் வருடம் தவறாமல் ரசீதில் இருக்கும். ஆசிரியையைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் மேலே நெருக்கடி இருந்திருக்கும். ஆனால் பையன்கள் எதையுமே நேசிக்கவில்லை, எப்போதும் போனும் கையுமாக இருக்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் அதே பள்ளி நமக்கு வகுப்பு எடுத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

சரி, கதைக்குத் திரும்புகிறேன். கொரோனா காலத்தில் 2020-21 ஐ-லீக் முழுவதையும் மேற்கு வங்காளத்திலேயே நடத்தினார்கள், எங்களுக்கு மைதானம் இல்லாமல் போனது. அதற்கடுத்த சீசனில் சென்னை சிட்டியின் பெயரே பட்டியலில் இல்லை. பையன் அட்டவணையை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தான். "நம்ம டீம் எங்கப்பா?" என்றான். என்னிடம் பதில் இல்லை. இறந்துபோனவர்களைப் பற்றிக்கூடக் குழந்தைகளிடம் சொல்ல ஏதாவது இருக்கும், இதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது அவன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். அவனாகவே தேர்ந்தெடுத்தது இன்னொரு இங்கிலாந்து அணியான ஆர்செனல். என் லிவர்பூல் அவனுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு பூட்ஸை ஹேண்டில் பாரில் தொங்கவிட்டுக்கொண்டு விளையாடப் போகிறான். சில நாள் நானும் போய் ஓரமாக நிற்கிறேன். அவன் ஒன்றும் சொல்வதில்லை. போன மாதம் அவன் அணிக்கு பெனால்டி கிடைத்தது, அவனே எடுக்கப் போனான். பந்தை வைப்பதற்கு முன் திரும்பி, நான் இருக்கிறேனா என்று ஒரு தடவை பார்த்தான்.

ஆகவே அந்த ஜெர்சி அலமாரியிலேயே இருக்கட்டும். உங்கள் ஊரில் இந்த ஞாயிறு எந்த மைதானத்தில் மேட்ச் நடக்கிறது என்று விசாரியுங்கள். லீக் மேட்சாக இருக்க வேண்டும் என்பதில்லை, இரண்டு தெருப் பையன்கள் ஆடினாலும் போதும். இரண்டு பொட்டலம் கடலை வாங்கிக்கொள்ளுங்கள். அவன் மேட்சைப் பார்க்காமல் கடலைக் காகிதத்தைப் படித்தால், படிக்க விடுங்கள்.