வைடால் பாசிட்டிவ் என்றாலே டைபாய்டு ஆகிவிடாது

தம்பி, வாப்பாவுக்கு எட்டு நாளாகக் காய்ச்சல், டைபாய்டுக்குப் பார்க்கும் வைடால் ரத்தப் பரிசோதனையில் 1:80 என்று வந்து, டைபாய்டு மாத்திரை போட்டும் குறையவில்லை என்று கீழக்கரையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ராமநாதபுரத்தில் லேப் வேலை பார்ப்பவன் நான். படித்ததும் மனசு கேட்கவில்லை.

1:80 என்றால் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, 80 மடங்கு நீர்க்கச் செய்தும் திரிகிறது என்று அர்த்தம். நம் பக்கம் நல்லா இருக்கிறவர்களுக்கே அந்த அளவு வரும். கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு சீரம், அதன்மேல் டைபாய்டு கிருமியிலிருந்து செய்த நீல ஆன்டிஜன் ஒரு சொட்டு, கலக்கி ஒரு நிமிடம் ஆட்டினால் ரவை ரவையாகத் திரியும். பழைய டைபாய்டாலும் தடுப்பூசியாலும், ஏன், வேறு காய்ச்சலாலும் அப்படித் திரியலாம். ஒரு வாரம், பத்து நாள் கழித்து எடுக்கும் இரண்டாவது சாம்பிளில் நான்கு மடங்கு ஏறினால்தான் கணக்கு. டைபாய்டை உறுதிசெய்வது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர். அதை மாத்திரை தொடங்கும் முன்பே எடுப்பது நல்லது.

கருவேலங்காட்டில் விறகு வெட்டுகிறார் என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. புதர்க்காட்டில் இருக்கும் சின்ன உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த, வலிக்காத பொருக்கு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லாவிட்டாலும் அதற்கான ஐஜிஎம் எலிசா, அதாவது நோய்க்கு எதிராக உடம்பு முதலில் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். எட்டாம் நாளில் பெரும்பாலும் பிடிபடும். டெங்குவுக்கும் இப்போது ஐஜிஎம்தான் பார்க்கணும், டெங்கு கிருமியின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்கு உரியது.

மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். விறகு வெட்டப் போவதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.