ஆடியில் எடுத்துக்கொள்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு பெரிய ஹோட்டல் குழுமத்தில், கல்யாணம், விருந்துகளைக் கவனிக்கும் பேங்க்வெட் பிரிவில் சில வருடங்களாக வேலை பார்க்கிறேன். சாப்பாடு, சீருடை, பிஎஃப் எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கிறது. சேர்ந்த அன்றே 'நாம் ஒரே குடும்பம்' என்றார்கள். ஆனால் முகூர்த்த நாள் வந்தால் வீக் ஆஃப் ரத்து. அதற்கு ஈடாகத் தரவேண்டிய விடுப்பு, அதாவது காம்ப் ஆஃப், சேர்ந்துகொண்டே போகிறது. கேட்டால், 'ஆடியில் எடுத்துக்கொள், குடும்பத்தில் கணக்குப் பார்ப்பார்களா?' என்கிறார் மேலாளர். எனக்கு இந்த வேலை பிடிக்கும். அதனாலேயே குழப்பம். நான் நன்றி கெட்டவனா?

எஸ்., வேளச்சேரி

அன்புள்ள எஸ்.,

இல்லை. அப்புறம், குடும்பத்தில் கணக்குப் பார்ப்பார்கள். மொய் நோட்டு எதற்கு இருக்கிறது? உங்கள் ஹாலிலேயே வாசலில் உட்கார்ந்து எழுதுகிறார்களே.

உங்கள் வீக் ஆஃப் மேலாளரின் தயவு அல்ல. வார விடுமுறையும் வேலை நேர வரம்பும் 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டத்திலேயே உண்டு. பெரிய நிறுவனத்தில் பணிக் கலாச்சாரம் என்பது பெரும்பாலும் உங்கள் டிபார்ட்மென்ட் ஹெட்தான். ஒரே கட்டடத்தில் ஃப்ரன்ட் ஆபீஸுக்கு அடுத்த வார ரோஸ்டர் (யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியல்) முன்பே தெரியும். பேங்க்வெட்காரருக்கு முந்தைய நாள் ராத்திரி தெரியும். தலைமை அலுவலகம் ஊழியர்களிடம் எடுக்கும் சர்வே இதைக் கேட்பதில்லை.

வேலை பிடித்திருக்கிறது என்கிறீர்கள். நம்புகிறேன். 2008இல் மும்பை தாஜ் தாக்கப்பட்டபோது விருந்தினரைக் காப்பாற்றி உயிரைவிட்ட ஊழியர்கள் இந்தத் தொழிலில்தான் இருந்தார்கள். ஆனால் பிடித்துச் செய்பவனிடம் கூடுதலாக வேலை வாங்குவது எந்த மேலாளருக்கும் சுலபம்.

சண்டை வேண்டாம். ஆஃப் ரத்தான தேதிகளை எழுதி, மேலாளருக்கும் ஹெச்.ஆருக்கும் மெயில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காதீர்கள், ஒரு கட்டைவிரலோடு முடிந்துவிடும். ஆடிக்கு முன்பே கேளுங்கள். ஆடி வந்தால் கல்யாணம் இல்லை என்று கான்ட்ராக்ட் பையன்களை நிறுத்திவிட்டு, 'ஆளே இல்லையே, எப்படி லீவு தருவது?' என்பார்கள்.

அந்தப் பையன்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. முகூர்த்த நாளில் உங்களோடு அதே தட்டைத் தூக்குகிறவர்கள். அவர்களுக்கு பிஎஃப் உண்டா? உங்கள் ஸ்டாஃப் கேன்டீனில்தான் சாப்பிடுகிறார்களா? விசாரித்து எழுதுங்கள்.