பலத்தையும் எழுதுங்கள், அதன் விலையையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அகதிகள் முகாம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். தண்ணீரே லாரியில்தான் வருகிறது, பாதி நாள் மருந்து இருக்காது. புதிதாக வந்த மதிப்பீட்டுப் படிவத்தில் 'நோயாளியின் பலங்கள்' என்று ஒரு கட்டம். பசியோடு வந்து நிற்பவரிடம் இதை எப்படிக் கேட்பது? நம்மால் கொடுக்க முடியாததை அவர்கள் தலையிலேயே கட்டுகிறோமோ என்று தோன்றுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கோபம் நியாயமானது. 'மன உறுதி உள்ளவர், சமாளித்துக்கொள்வார்' என்று எழுதிவிட்டு மருந்துக் கோரிக்கையைக் குறைத்தால் அது அநியாயம்தான். பலம் சார்ந்த செவிலியத்தை வகுத்துத் தந்த மெக்கில் பல்கலைக்கழகத்தின் லாரி காட்லீப்கூட, குறைகளைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் சொல்கிறார்.

'உங்கள் பலம் என்ன' என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. "நேத்து ராத்திரி குழந்தைக்கு வயித்தால போனப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். 'தண்ணியைக் காய்ச்சி ஆறவச்சு ஸ்பூன் ஸ்பூனா கொடுத்தேன், பக்கத்துக் கூடாரத்து அக்காதான் விளக்குப் பிடிச்சாங்க' என்பார் தாய். சரி, இவரிடம் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை நம்பிக் கொடுக்கலாம். ராத்திரியில் யாரைக் கூப்பிடலாம் என்பதும் தெரிந்துவிட்டது. சத்துக்குறைவைக் கண்டறிய மேற்கையைச் சுற்றி அளக்கும் கைச்சுற்றளவு நாடாவையும் அவர் கையிலேயே கொடுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் நாடாவில் சிவப்பு, உடனே தூக்கி வர வேண்டும். நீங்கள் வாரம் ஒருமுறை பார்க்கும் கையை அவர் தினமும் பார்க்கிறார்.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றவில்லை. மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைக்க வைத்தார். உலக சுகாதார அமைப்பு இன்று எல்லா நாடுகளுக்கும் அதைப் பரிந்துரைக்கிறது. ஆனால், தாயின் மார்பு இருக்கிறதே என்று மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஆக்சிஜனை யாரும் நிறுத்துவதில்லை.

அப்புறம், என்னை இன்னும் உறுத்துகிற ஒரு காட்சி. ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி. முதுகில் ஒரு புண்கூட இல்லை. வந்த நர்ஸ் 'குடும்ப ஆதரவு நன்று' என்று எழுதினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியிலும், பாட்டியைப் புரட்டிப் படுக்க வைத்தவள் ஒன்பது வயதுப் பேத்தி. பள்ளிக்கூடம் போவதையே விட்டிருந்தாள்.

'பலங்கள்' கட்டத்தில் அவளைப் போன்றவளைக் கட்டாயம் எழுதுங்கள். அவள் செய்தது அசல் செவிலியம். பக்கத்திலேயே 'பகலில் மாற்று ஆள் தேவை' என்றும் எழுதி, அதைக் கோரிக்கைப் பட்டியலில் மருந்துக்கு அடுத்த வரியாகச் சேருங்கள்.