பனிச்சறுக்கில் விழுந்தால் கட்டைவிரல் ஏன் அடிபடுகிறது?

பனிச்சறுக்கில் கால்தானே உடையும், கட்டைவிரலுக்கு என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். கட்டைவிரலின் அடிமூட்டில், ஆள்காட்டி விரல் பக்கமாக, எலும்புகளைப் பிணைக்கும் இணைப்பு நார் ஒன்று இருக்கிறது. அது அளவுக்கு மீறி இழுபடுவதோ கிழிவதோதான் 'ஸ்கீயர்ஸ் தம்ப்'.

காரணம் கையில் இருக்கும் கோல். விழும்போது கையை ஊன்றுகிறோம், ஆனால் கோலை விடுவதில்லை. உள்ளங்கைக்கும் பனிக்கும் நடுவே மாட்டிய கோல் கட்டைவிரலை வெளிப்பக்கமாக நெம்பிவிடுகிறது. நார் கிழிந்த கட்டைவிரல் கீல் கழன்ற கதவைப் போலத்தான்: திறக்கும், மூடும், ஆனால் நிலையில் நிற்காமல் ஆடும். சாவியைத் திருப்பும்போது, புட்டி மூடியைத் திறக்கும்போது பிடி நழுவுவதில் இது தெரியும்.

உடனே துணியில் சுற்றிய ஐஸை 15–20 நிமிடம் வையுங்கள். அப்புறம் விரலை அசையாமல் கட்டி மருத்துவரிடம் காட்டுங்கள். பாதி கிழிந்திருந்தால் 4 முதல் 6 வாரம் கட்டுப் போட்டாலே பெரும்பாலும் ஆறிவிடும். முழுக்க அறுந்தால் நாரின் முனை பக்கத்துத் தசைப்படலத்தின் மேலே ஏறி மாட்டிக்கொள்ளலாம். அப்படியானால் தானாக ஒட்டாது, அறுவை சிகிச்சைதான் வழி. வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து.

"விரல் அசைகிறதே, ஒன்றுமில்லை" என்று நினைப்பது தவறு: நார் முழுக்க அறுந்திருந்தாலும் விரல் மடங்கும், நீளும்.